ஆலாவின் வால்

தோர்கை, 1984 நவம்பர் 12

தொக்தார்,

ஆமாம், பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து என் முகத்திரையை விலக்கிய அன்று, முன்பல் இரண்டும் விழுந்த வாயோடு முதல் ஆளாக வந்து நின்று இளித்தவன் நீ. புருஷன் வீட்டு ஆண்களின் பெயரை மருமகள் சொல்லக்கூடாது. அதனால் உனக்கு 'ஓட்டைப்பல்லு' என்று வைத்தேன். பல் முளைத்த பிறகும், மீசை முளைத்த பிறகும், அல்மா-அத்தாவில் எங்கள் வீட்டில் தங்கி நீ ஓவியப் பள்ளிக்குப் போன காலத்திலும், ஸ்டூடியோவில் இயக்குநர் ஆன பிறகும் அதே பெயர்தான். அது கொழுந்தனுக்கு வைக்கும் பெயர். இனி நீ எனக்குக் கொழுந்தன் இல்லை. வெறும் தொக்தார் போதும்.

சனிக்கிழமை சாயங்காலம் தொலைக்காட்சியில் குழந்தைகள் நிகழ்ச்சியில் நம் கார்ட்டூனிலிருந்து ஒரு துண்டு காட்டினார்கள். புத்தாண்டுக்கு முழுப்படம் வரும் என்று சொல்லி, கதை எழுதியவள் என்று என் பெயரையும் சொன்னார்கள். கென்ஜெபாய் வீட்டில் ஊரே கூடியிருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அத்தையைப் பெட்டிக்கு நேர் எதிரில் உட்காரவைத்திருந்தோம். உன்னைப் பெற்றவள் அல்லவா, கண் சரியாகத் தெரியாதே என்று நான்தான் முன்னால் தள்ளி உட்காரவைத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

கதையில் வரும் சிறுமி அய்கானிம் பாலாடை பிரிக்கும் இயந்திரத்தின் கைப்பிடியைத் தலைகீழாகச் சுற்றி, ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னால் போய் விழுகிறாள். இது நான் எழுதியது. அங்கே கூ என்ற பையன், மனிதரிலேயே முதல் ஆளாகக் குதிரை மேல் ஏறப்போகிறான். இதுவும் நான் எழுதியது. அய்கானிம் தெரியாமல் குதிரைக்கு ஒரு சர்க்கரைக் கட்டியைக் கொடுக்க, குதிரை கூவை விட்டுவிட்டு அவள் பின்னால் போக, யாருமே குதிரை ஏறாமல் சரித்திரம் மாறிப்போகிறது. இதையும் எழுதியது நான். நீ சர்க்கரையைத் தூக்கிப் போட்டுவிட்டு, அவள் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்திருக்கிறாய். இயந்திரத்தில் கயிறு அறுந்துவிட்டதாம். கயிறு திரிக்கக் குதிரையின் வாலை ஒட்ட வெட்டுகிறாளாம்.

அதுவும் எந்தக் குதிரை? பாதி முகம் வெள்ளை. இடது காதில் நாய் கடித்த கிழிசல். கென்ஜெபாய் வீட்டுப் பெட்டி கறுப்பு வெள்ளை. குதிரையும் கறுப்பு வெள்ளை. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

"இது ஆலாதானே?" என்றான் கென்ஜெபாய். "வாலு ஏன் இப்படி இருக்கு?"

நம் ஊரில் குதிரையின் வாலை எப்போது வெட்டுவார்கள் என்று தவழ்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதன் சொந்தக்காரன் செத்தால் வெட்டுவார்கள். பிறகு அதன் மேல் ஒருவரும் ஏறுவதில்லை, வருஷம் திரும்பும்போது விருந்துக்கு அறுத்துவிடுவார்கள். நீ உன் அண்ணனின் குதிரை ஆலாவுக்கு வாலை வெட்டி, தேசம் முழுக்கக் காட்டியிருக்கிறாய்.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். "எம் புள்ள போயிட்டானா? எல்லாருக்கும் சொல்லிட்டு எங்கிட்ட மட்டும் மறைச்சிட்டீங்களா?" என்றார். அப்புறம் வாயைத் திறந்து ஒப்பாரியை ஆரம்பித்தவர்தான், வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தும் நிறுத்தவில்லை.

மறுநாள் விடிந்ததும் துக்கம் கேட்க வந்துவிட்டார்கள். "அய்யோ எங் கூடப்பொறப்பே!" என்று கத்திக்கொண்டு குதிரையை விரட்டி வாசல்வரை வந்தார்கள், கையில் ஆட்டுக்கிடாயோடு. கென்ஜெபாயின் பெண்டாட்டி என் தலையில் போட ஒரு கறுப்புத் துணியை மடித்துக் கொண்டுவந்திருந்தாள். நான் அடுப்புக் குத்தியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். "யாரு செத்தான்னு அழுறீங்க? ஆளக் காட்டுங்க, நானும் சேந்து அழுறேன்" என்றேன். ஆட்டை இழுத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

புத்தாண்டுக்குள் அந்தக் குதிரைக்கு வாலை வரை. வரைந்த ஒவ்வொரு தாளிலும். இது கெஞ்சல் இல்லை.

மர்ஜான்

*

அல்மா-அத்தா, 1984 நவம்பர் 24

மதிப்புக்குரிய தோழர் மர்ஜான் அவர்களுக்கு,

பெயர் சொல்லி எழுதினால் பதிலும் இப்படித்தான் வரும். நீங்கள்தான் ஆரம்பித்தீர்கள்.

தொலைக்காட்சியில் எந்தத் துண்டைக் காட்டுவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் தடுத்திருப்பேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உங்கள் கடிதத்தை இரண்டாவது முறை படித்த பிறகு அதை எழுத மனம் வரவில்லை.

உங்கள் சர்க்கரைக் கட்டியைப் பற்றிச் சொல்கிறேன். அதை நான் வரைந்தேன். முழுசாக வரைந்து ஸ்டூடியோவில் போட்டுக் காட்டினேன். ஒருத்தர் முகத்திலும் அசைவில்லை. வண்ணம் தீட்டும் பகுதியிலிருந்து லூதா எழுந்து, "இது பல்லு சொத்தையாகும்னு கொழந்தைங்களுக்குப் புத்தி சொல்ற படமா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு சர்க்கரைக் கட்டிக்காக ஒரு ஜனமே குதிரையை இழந்தது என்றால் யார் நம்புவார்கள்? நீங்கள் நல்ல கதாசிரியர், ஆனால் ஊருக்குப் போன பிறகு எழுதியதில் எல்லாமே இனிப்பாக இருக்கிறது. யாருக்கும் எதுவும் ஆவதில்லை.

வாலை வெட்டினால் நிலைமையே வேறு. அய்கானிம் கயிறு திரித்துக் கைப்பிடியைச் சுற்றுகிறாள். பக்கத்தில் நின்ற கூவும் தெரியாமல் அவளோடு இந்தக் காலத்துக்கு இழுபட்டு வந்துவிடுகிறான். அங்கே வாலறுந்த குதிரை தனியாக வீடு போய்ச் சேருகிறது. கூவின் அம்மா பார்க்கிறாள், அலறுகிறாள். அந்தக் குதிரை கிட்டேயே யாரும் போகக்கூடாது என்று ஆகிவிடுகிறது. அன்றிலிருந்து இன்றுவரை ஒருத்தரும் குதிரை ஏறவில்லை. அய்கானிம் திரும்பி வந்து பார்த்தால், கல்யாணப் பந்தயத்தில் குதிரை ஓட்டிப் பெண்ணைத் துரத்த வேண்டியவன் ஆட்டு மேல் உட்கார்ந்து துரத்துகிறான், சதுக்கத்துச் சிலையில் மாவீரன் வாளோடு ஒரு காளை மேல் இருக்கிறான், குதிரைப்பால் குமிஸ் விற்ற கடையில் முட்டைக்கோஸ் சாறு விற்கிறார்கள். காளை மேல் வீரனைப் பார்த்து ஸ்டூடியோவே விழுந்து விழுந்து சிரித்தது. கூவின் அம்மா வந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

ஏன் ஆலா என்று கேட்கிறீர்கள். எனக்கு வரையத் தெரிந்த குதிரை அது ஒன்றுதான். அண்ணன் என்னை முதன்முதலில் ஏற்றிவிட்டது அதன் தாயின் மேல். அது குட்டி போட்டபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். கண்ணை மூடினால் வேறு குதிரை வருவதில்லை.

வாலைத் திரும்ப வரைய முடியாது. எத்தனை தாள் என்று உங்களுக்கும் தெரியும். குதிரை வால் என்பது நின்றால் ஒரு மாதிரி, நடந்தால் ஒரு மாதிரி, காற்றில் வேறு மாதிரி. அதை வண்ணத் தாளுக்கு மாற்றிய பெண்களின் விரல்களைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

நானும் ஒன்று கேட்கிறேன். அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்கிறீர்கள். சரி. அப்படியென்றால் ஆலாவின் மேல் இப்போது யார் ஏறுகிறார்கள்? அவர் பனிப்புயலில் காணாமல் போய் இது இரண்டாவது குளிர்காலம். அதன் முதுகில் சேணம் போட்டீர்களா? வாலை வெட்டாமலேயே அதை இழவுக் குதிரையாக நிறுத்திவைத்திருப்பது யார்?

தொக்தார்

*

தோர்கை, டிசம்பர் 7

தொக்தார்,

கையெழுத்து கோணலாக இருக்கும். வலது மணிக்கட்டு பிசகியிருக்கிறது. உன் கடிதம் வந்த மறுநாள் ஆலாவுக்குச் சேணம் போட்டு ஏறினேன். ஊரே வேலியோரம் நின்று பார்த்தது. அது கிணறுவரை ஒழுங்காகப் போனது. கிணற்றடியில் என்ன நினைத்ததோ, என்னைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தனியாக வீட்டுக்கு வந்துவிட்டது. உன் படத்தில் வருகிற மாதிரியே. இப்போது திருப்தியா?

நான் எழுதுவது இனிக்கிறதாம். எங்கள் வீட்டில் என் கையால் சுட்ட பவுர்சாக் பணியாரத்தைத் தட்டுத் தட்டாகத் தின்றபோது இனித்தது தெரியவில்லையா? உனக்குப் பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது ஓவியப் பள்ளி. நாலு பேர் முன்னால் உன் ஓவியத்தைக் கொண்டுபோய்க் காட்டி, "என் தம்பி" என்று அலைந்தது யார்?

உன் அண்ணன் எப்படிப்பட்டவர் என்று உனக்கு மறந்துபோயிருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். ஒருநாளாவது தொப்பியோடு வேலைக்குப் போயிருக்கிறாரா? தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பி ஓடிவருவார். வாசலில் நின்று, "மர்ஜான், தொப்பி!" என்று கத்துவார். "ஒரு நாள் தலையையும் மறந்து வெச்சிட்டுப் போங்க" என்று நான் திட்டிக்கொண்டே எறிவேன். புயல் ஓய்ந்த பிறகு அவர் ஓட்டிப்போன லாரி கிடைத்தது. கதவு திறந்திருந்தது. தொப்பி இருக்கையில் இருந்தது. அவர் இல்லை. எல்லோரும் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். தொப்பியை விட்டுவிட்டுப் போனவர் திரும்பி வராமல் இருந்ததே இல்லை என்று எனக்குத்தானே தெரியும். அது இப்போது வாசல் ஆணியில் தொங்குகிறது. கைக்கு எட்டும் உயரத்தில்.

நீ செய்துவிட்ட வேலையால் அத்தை கத்தரிக்கோல் கேட்கிறார்.

"எதுக்கு அத்தை?"

"நகம் வெட்ட."

"நகம் வெட்டவா ஆட்டுமயிர்க் கத்தரி?"

"என் நகம் கெட்டி" என்கிறார். அரைக்குருட்டுக் கண்ணோடு சுவரைத் தடவித் தடவிக் கொட்டில்வரை போய்விடுகிறார். வீட்டில் உள்ள கத்தி, கத்தரி எல்லாவற்றையும் மாவுப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டியிருக்கிறேன். ரொட்டியைக் கையால் பிய்த்துத் தின்கிறோம்.

இன்னொன்றையும் தெரிந்துகொள். உன் ஸ்டூடியோத் தலைவருக்கு எழுதிவிட்டேன். கதை என்னுடையது, என் சம்மதம் இல்லாமல் மாற்றிவிட்டார்கள், இந்த வடிவில் படத்தை வெளியிட நான் அனுமதிக்கவில்லை என்று. கோணல் எழுத்தானாலும் தெளிவாகவே எழுதியிருக்கிறேன்.

மர்ஜான்

*

அல்மா-அத்தா, டிசம்பர் 21

அண்ணி,

தோழர், கீழர் என்று எழுத இன்று தெம்பு இல்லை.

உங்கள் கடிதம் ஸ்டூடியோவுக்கு வந்தது. படத்தை நிறுத்திவிட்டார்கள். புத்தாண்டுக்கு ஒரு பழைய முள்ளம்பன்றிப் படத்தைப் போடப்போகிறார்கள். தலைவர் எல்லோரையும் கூட்டிவைத்து உங்கள் கடிதத்தை உரக்கப் படித்தார். லூதா வண்ணம் தோய்ந்த கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் கன்னத்தில் அய்கானிமின் சட்டைப் பச்சை ஒட்டியிருந்தது. "நாங்க பண்ண தப்பு என்ன?" என்று என்னைக் கேட்டாள். நான் என்ன சொல்வேன்? எங்கள் அண்ணிக்குக் கோபம் என்று சொல்லவா?

இது என் முதல் படம். இனி அடுத்தது கிடைக்காது என்று தலைவர் சொல்லிவிட்டார். சொந்த வீட்டுச் சண்டையைத் தீர்த்துக்கொள்ளாதவனிடம் எப்படி வேலையை ஒப்படைப்பது என்றார். நீங்கள் நினைத்தது நடந்துவிட்டது. இனி நான் எதை இழக்கப்போகிறேன்? அதனால் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் செத்துப்போய்விட்டார்.

இதை உங்களிடம் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. ஊரில் உங்கள் அடுப்புக் குத்திக்குப் பயப்படுகிறார்கள். நான் தூரத்தில் இருக்கிறேன், சொல்கிறேன். அவரைத் தேடிய அன்று நீங்கள் முகாமில் வானொலிப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் தேடப்போனவர்களோடு வரிசையில் நடந்தேன். ஆளுக்கு ஒரு கம்பு. இரண்டு அடிக்கு ஒரு தடவை பனிக்குள் குத்திப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவை குத்தும்போதும் கம்பில் எதுவும் தட்டக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். தட்டித்தொலைக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். அது என்ன பனி என்று எனக்குத் தெரியும். காதுமடல் மூடிய தொப்பியோடு நடந்த எங்களுக்கே உயிர் போனது. அவர் வெறுந்தலையோடு இறங்கியவர்.

தொப்பியை ஆணியில் மாட்டிவைத்துவிட்டீர்கள். அது உங்கள் இஷ்டம். அம்மாவை ஏன் அந்த ஆணியில் மாட்டினீர்கள்? பெற்ற பிள்ளைக்கு ஒப்பாரி வைக்கக்கூட ஒரு தாய்க்கு உங்கள் அனுமதி வேண்டுமா? போன கோடையில் வந்தபோது பார்த்தேன். நீங்கள் வெளியே போனதும் சுவரைப் பார்த்து உட்காருவார். நீங்கள் கதவைத் திறந்ததும், கண்ணில் தூசி என்று துடைத்துக்கொள்வார். எங்கள் வீட்டில் அம்மா அழ முடியாது. அதனால்தான் கூவின் அம்மாவை என் படத்தில் அழவைத்தேன். அவள் முகத்தைக் கவனித்தீர்களா? கவனித்திருக்க மாட்டீர்கள். குதிரையைத்தான் பார்த்தீர்கள்.

தெரியாமல் செய்தேன் என்று முதலில் எழுதியிருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும். வாலை வெட்டும் காட்சியை வரைந்தபோது என்ன வரைகிறேன் என்று எனக்குத் தெரியும். ஊர்வரை வந்து சேரும் என்றுதான் தெரியாது.

தொக்தார்

*

தோர்கை, 1985 ஜனவரி 10

கடிதம் கிடைத்தது.

உன்னிடம் இருக்கும் அவருடைய புகைப்படங்களையும், நான் உனக்குக் கொடுத்த பென்சில் பெட்டியையும் தபாலில் அனுப்பிவிடு. நவ்ரூஸ் பண்டிகைக்கு ஊருக்கு வராதே. வந்தால் வாசலில் நான்தான் நிற்பேன்.

அத்தை நலம். அவருக்குத் தனியாக எழுது, கென்ஜெபாயின் மகள் படித்துக்காட்டுவாள். எனக்கு எழுதாதே.

*

அல்மா-அத்தா, மார்ச் 4

அண்ணி,

எழுதாதே என்றீர்கள். இது கடிதம் இல்லை, பொட்டலத்தோடு வரும் குறிப்பு.

புகைப்படங்கள் உள்ளே இருக்கின்றன. பென்சில் பெட்டியை அனுப்ப மாட்டேன். அதை வைத்துத்தான் இந்த இரண்டு மாதமும் வேலை செய்தேன்.

கட்டைப் பிரித்தால் தாள்கள் வரிசைப்படி இருக்கும். ஆலாவுக்கு வால் வரைந்துவிட்டேன். ஒவ்வொரு தாளிலும். ஸ்டூடியோ நேரத்தில் என்னை விளம்பரப் பலகை எழுத விட்டிருக்கிறார்கள், அதனால் இதை வீட்டில் செய்தேன். லூதா உதவிக்கு வந்தாள். வரும்போதெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டேதான் வரைந்தாள். "உங்க அண்ணி குதிரைக்கு வாலு இன்னும் நீளமா வேணுமாமா, இல்ல போதுமாமா?" என்று கேட்பாள். உங்களுக்காக இதைச் செய்யவில்லை. முடியாது என்று எழுதியிருந்தேன், அது பொய் என்று பிறகு பட்டது. பொய்யனாக இருக்கப் பிடிக்கவில்லை.

தாள்களைக் கட்டாகப் பிடித்து விரலால் வேகமாகத் தள்ளிப் பாருங்கள். வால் நன்றாக வந்திருக்கிறது. ஈயை விரட்டும்போது ஒரு சுழற்றுச் சுழற்றும், அது அண்ணனின் குதிரையேதான்.

ஆனால் கதை செத்துவிட்டது.

வாலை வெட்டக்கூடாது என்பதால் அய்கானிம் தன் சடையை வெட்டிக் கயிறு திரிக்கிறாள். கூவும் அவளோடு போய்விடுகிறான். குதிரை வாலோடு வீட்டுக்கு வருகிறது. கூவின் அம்மா வெளியே வந்து பார்க்கிறாள். முதுகில் ஆள் இல்லை, ஆனால் வால் இருக்கிறது. சரி, பயல் எங்கேயோ சுற்றுகிறான், வருவான் என்று நினைக்கிறாள். கறியை நெருப்பில் வைக்கிறாள். உட்காருகிறாள். இதற்குப் பிறகு என்ன வரைவது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் உட்கார்ந்தே இருக்கிறாள். கறி தீய்கிறது, எழுந்து வேறு கறி வைக்கிறாள், மறுபடி உட்காருகிறாள். குதிரை பக்கத்தில் நிற்கிறது. யாரும் ஏறுவதில்லை. அவன் வந்தால் ஏறட்டும் என்று விட்டுவைத்திருக்கிறார்கள். அப்படியே ஐயாயிரம் வருஷம் போகிறது. வாலை வெட்டினால் குதிரை இல்லாமல் போகும் என்று படம் எடுத்தேன். வெட்டாமல் விட்டாலும் அதேதான் ஆகிறது.

நீங்கள் கதாசிரியர். இந்தப் பொம்பளையை எப்படி எழுப்புவது என்று எழுதி அனுப்புங்கள். முடியவில்லை என்றால் தாள்களை அடுப்பில் போடுங்கள், குளிர் இன்னும் போகவில்லை அல்லவா.

தொக்தார்

*

தோர்கை, ஏப்ரல் 19

ஓட்டைப்பல்லு,

முதலில் திட்டிவிடுகிறேன். நீ செய்தது தப்புதான். என்னைக் கேட்காமல் என் கதையை மாற்றியது தப்பு. எங்களுக்குச் சொல்லாமல் ஊருக்குச் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. அந்த மாதிரி ஒரு கடிதத்தை மணிக்கட்டு பிசகிக் கிடந்தவளுக்கு எழுதினாயே, அதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். லூதாவிடம் சொல், வால் இரண்டு விரல் நீளம் அதிகம்.

பொட்டலம் வந்ததிலிருந்து கூவின் அம்மாவை எழுப்பப் பார்த்தேன். பிள்ளை தூது அனுப்பினான் என்று எழுதினேன். கனவில் வந்தான் என்று எழுதினேன். எதை எழுதினாலும் அவள் உட்கார்ந்தேதான் இருந்தாள். எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரு நாள் காலையில் தாள்களை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தேன். வால் ஆடுகிறது, ஆடுகிறது, திரும்ப முதலிலிருந்து ஆடுகிறது. நிமிர்ந்து பார்த்தேன். எதிரே அத்தை உட்கார்ந்திருந்தார். மடியில் கை. அடுப்பில் கறி தீய்ந்துகொண்டிருந்தது. எனக்கு வாசனையே தெரியவில்லை.

மாவுப் பெட்டியின் பூட்டைத் திறந்தேன். சத்தம் கேட்டு அத்தை தலையைத் திருப்பினார்.

"என்னம்மா எடுக்குற?"

"கத்தரி."

"நகம் வெட்டவா?" என்றார். அவர் எழுந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் கொட்டிலுக்குப் போனோம்.

அத்தை தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். நான்தான் வெட்டினேன். ஒரே வெட்டில் ஆகும் என்று நினைத்திருந்தேன். உன் அய்கானிமுக்கு ஒரே வெட்டில் ஆகிறதே. நிஜத்தில் ஆவதில்லை, ஓட்டைப்பல்லு. அந்த முடி அத்தனை கெட்டி. கத்தரி வேறு மொண்ணை. கொஞ்சம் கொஞ்சமாக அறுக்க வேண்டியிருந்தது. என்னைக் கிணற்றடியில் தூக்கி எறிந்த குதிரை அசையாமல் நின்றது. முடிந்ததும் அத்தை கையால் தடவிப் பார்த்தார். பிறகு ஒப்பாரி வைத்தார். நானும் வைத்தேன். எனக்கு அந்தப் பாட்டு சரியாகத் தெரியாது, அவர் சொல்லச் சொல்ல நான் பின்னால் சொன்னேன். வாசலில் யாரோ வந்து நின்றார்கள். கென்ஜெபாயின் பெண்டாட்டி. அந்தக் கறுப்புத் துணியை எறியாமல் வைத்திருந்தாள்.

அடுத்த வருஷம் விருந்துக்கு ஆலாவை அறுக்க வேண்டும் என்று இப்போதே பெரியவர்கள் பேசுகிறார்கள். அது நடக்காது. வந்து கேட்கட்டும், அடுப்புக் குத்தி அதே இடத்தில்தான் இருக்கிறது. நீ வேண்டுமானால் அவர்கள் பக்கம் சேர்ந்துகொள், பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்டூடியோத் தலைவருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். என் அனுமதி உண்டு, வாலை வெட்டிய வடிவமே சரியானது, சர்க்கரை மட்டமான யோசனை என்று. லூதாவின் பெயரைப் படத்தில் போட வேண்டும் என்றும்.

முடிவு உன்னுடையது வேண்டாம். அய்கானிம் மறுபடி பின்னால் போய், வெட்டாமல் விட்டுவிடுகிறாள், எல்லாம் பழையபடி சரியாகிறது என்று வைத்திருக்கிறாய். என்னை இனிப்பு என்றாயே! வெட்டினது வெட்டினதுதான். அவள் எத்தனை முறை கைப்பிடியைச் சுற்றினாலும் அந்த வால் ஒட்டக்கூடாது. அவளால் செய்ய முடிந்தது ஒன்றுதான், கூவைக் கூட்டிக்கொண்டு போய் அவன் வீட்டில் விடுவது.

இப்படி வரை. கூவின் அம்மா ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்கிறாள். ஜனமெல்லாம் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. வாலறுந்த குதிரை தள்ளி நிற்கிறது. மேட்டுக்குப் பின்னாலிருந்து பையன் நடந்து வருகிறான். முதலில் குதிரைதான் பார்க்க வேண்டும், காதை நிமிர்த்த வேண்டும். கிழிந்த காதையும். அவன் நேராக வந்து அதன் மேல் ஏறுகிறான். செத்தவனின் குதிரை மேல் செத்தவனே ஏறினால் யார் என்ன சொல்ல முடியும்? அப்புறம் எல்லோரும் ஏறட்டும், வீரனைக் காளையிலிருந்து இறக்கிவிடு.

கூவுக்கு நரித்தோல் தொப்பி போட்டிருக்கிறாய். கடைசிக் காட்சியில் அது வேண்டாம். எங்கேயோ மறந்துவிட்டு வந்தவன், வெறுந்தலையோடு வரட்டும். அவன் அம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டாம். அழுதுகொண்டிருந்த வாயை அப்படியே வைத்துக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்க்கட்டும். பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்கட்டும், அதை என் குரலிலேயே பதிவு செய்துகொள், வருகிறேன்:

"தொப்பி எங்கடா?"

உன் அண்ணி